அக்காவின் ரெட்டைக்குழல்

என் எழுத்து மேசையில் காகிதம் பறக்காமலிருக்க நான் வைத்திருப்பது ஒரு மோட்டார் சைக்கிளின் கிளட்ச் லிவர். அலுமினியம், ஒரு சாண் நீளம் இருக்கும். நுனியில் கோலிக்குண்டு அளவுக்கு ஓர் உருண்டை, அதன் ஒரு பக்கத்தில் கருங்கல்லில் உரசிய கீறல்கள். நடுவில் உள்பக்கமாக வளைந்திருக்கிறது. பாறசாலையில் நிலப் பத்திரம் எழுதுவது என் தொழில். வருகிறவர்கள் ஆதாரம் என்று எங்கள் பக்கம் சொல்லும் பழைய பத்திரத்தையும் வரி ரசீதையும் மேசையில் பரப்பும்போது இந்த லிவரை எடுத்து அதன்மேல் வைப்பேன். பத்துப் பேரில் மூன்று பேராவது இது என்ன சாமான் என்று கேட்பார்கள். வெகுகாலம் “பழைய வண்டியில உள்ளதாக்கும்” என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றிக்கொண்டிருந்தேன். அது பொய் இல்லை. ஆனால் பாதி உண்மையைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு முன்பே உண்டு. அந்தக் கதையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். தொண்ணூறுகளின் நடுவில், நான் சொல்லும் காலத்தில், அவளுக்கு இருபத்தேழு வயது. நெய்யாற்றின்கரையில் ஓர் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில் நர்ஸாக இருந்தாள். எங்கள் வீடு பாறசாலைக்கும் காரக்கோணத்துக்கும் நடுவே ரப்பர் மரங்களுக்குள் இருந்தது. அவள் டூட்டி தொடங்கும் நேரத்துக்கும் முடியும் நேரத்துக்கும் எங்கள் பக்கம் பஸ் கிடையாது. அதனால் அப்பாவின் நூறு சிசி வண்டியை அவள் எடுத்துக்கொண்டு போகத் தொடங்கினாள். சுரிதாரின் துப்பட்டாவைக் குறுக்கே இழுத்து இடுப்பில் முடிந்துகொண்டு, கியர் வண்டியில் ஒரு பெண் போவதைப் பார்க்க, ஆரம்பத்தில் அமரவிளை செக்போஸ்ட் பக்கத்துக் கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். பிறகு “டூட்டிக்குப் போற பெண்ணாக்கும்” என்று அவர்களே ஒரு நியாயம் கண்டுபிடித்து உள்ளே போய்விட்டார்கள். டூட்டி என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் அப்படி ஒரு மரியாதை. அப்பாவும் அந்தச் சொல்லுக்காகத்தான் சாவியைக் கொடுத்தார். டூட்டிக்கு வண்டி, அதற்குமேல் ஒன்றும் இல்லை.

அதற்குமேல் கொண்டுபோனவர் அந்த வார்டின் எலும்பு டாக்டர். வாரம் முழுவதும் வண்டியில் விழுந்தவர்களின் எலும்பைச் சேர்த்துக் கட்டுவார். ஞாயிற்றுக்கிழமை தானே ஒரு பெரிய வண்டியில் ஏறிப் பறப்பார். திருவனந்தபுரத்தில் அவரைப் போன்ற இருபது பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை மெட்ராஸுக்கு வெளியே உள்ள பந்தயத் தடத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பார்கள். பந்தயம் அல்ல, பரிசும் கிடையாது. எதிரே பஸ் வராத, குறுக்கே மாடு வராத ஒரு ரோட்டில் எங்களைப் போன்ற சாதாரண மனிதர்கள் தங்களால் முடிந்த வேகத்தில் சுற்றி வருவதற்கு ஒரு நாள், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வளைவில் அக்கா வண்டியைச் சாய்த்துத் திருப்புவதை டாக்டர் ஜன்னலிலிருந்து பலநாள் பார்த்திருக்கிறார். “சிஸ்டரே, இந்தச் சாய்ப்பு ரோட்டில வேண்டாம். தடத்துக்கு வந்து சாய்க்கலாம், கேட்டோ” என்று ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்.

வீட்டில் எப்படிச் சொல்வது? அக்காவுக்குக் கல்யாண ஆலோசனைகள் வந்துகொண்டிருந்த நேரம். பெண் மெட்ராஸில் ரேஸ் ஓட்டப் போயிருக்கிறாள் என்று தெரிந்தால் வருகிற ஆலோசனையும் வராது, அப்பா வண்டிச் சாவியையும் வாங்கி வைத்துக்கொள்வார். ஒரு யோசனை சொன்னவன் நான்தான். ஓட்டப்போகிறவன் நான், மெட்ராஸில் இருக்கும் பெரியம்மாவைப் பார்க்கக் கூட வருகிறவள் அக்கா என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். என்னைப் பற்றி அவருக்கு இருந்த அபிப்பிராயம் ஒரே வார்த்தையில் அடங்கும்: பயந்தாங்கொள்ளி. அது சரியான அபிப்பிராயம்தான். அந்த நூறு சிசி வண்டியை நான் மூன்றாவது கியருக்கு மேல் கொண்டுபோனதே இல்லை. “எலே, நீயா?” என்று அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனால் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்துவிட்டேன். இருபத்துநான்கு வருஷத்தில் என்னைப் பார்த்து அந்த முகம் அப்படி மலர்ந்ததில்லை. அதற்குப் பிறகு அந்தப் பொய்யை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அம்மா மட்டும் “ஆரு ஓட்டினாலும் கையும் காலும் முழுசா வீட்டுக்கு வந்து சேரணும்” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள். அந்த ‘ஆரு’ என்ற சொல்லை அப்பா கவனிக்கவில்லை.

அந்த முதல் வருஷம் அக்கா நூறு சிசி வண்டியிலேயே ஓட்டினாள். நான் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் பாட்டிலோடு நின்றேன். முதல் மூன்று சுற்று அவள் பார்த்துப் பார்த்து ஓட்டினாள். நான்காவது சுற்றிலிருந்து வளைவுகளில் பெரிய வண்டிக்காரர்களை ஒவ்வொருவராகப் பிடிக்கத் தொடங்கினாள். அவர்கள் வளைவுக்கு முன்னால் பயந்து வேகத்தைக் குறைக்கும் இடத்தில் இவள் சாய்ந்துகொண்டு உள்ளே நுழைந்து முன்னால் வந்துவிடுவாள். ஆனால் வளைவு முடிந்து நேர்ப்பாதை வந்ததும் அவர்கள் கைப்பிடியை முறுக்கிவிட்டு இவளைத் தாண்டிப் போனார்கள். நீலச் சட்டை போட்ட ஒருவர் மட்டும் ஐந்து முறை அப்படிச் செய்தார். வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றியபோது அக்காவின் முகம் அழுததுபோல் சிவந்திருந்தது. “வளைவில நான் கஷ்டப்பட்டுப் பிடிச்சவனெ நேர்ல சும்மா விட்டுக் குடுக்க வேண்டியதிருக்கு. அவனுக்கு என்னை விட நல்லா ஓட்டத் தெரியாது மக்கா. அவனுக்குப் பெரிய எஞ்சின் உண்டு, அவ்வளவுதான்” என்றாள்.

ஊருக்குத் திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்ல, எங்கள் சபையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஆராதனையில் காணிக்கை எடுப்பதற்கு முன்பு உபதேசியார் ஸ்தோத்திரச் சீட்டுகளை வாசிப்பார். பரீட்சையில் தேறியதற்காக, பசு சுகமாய்க் கன்று ஈன்றதற்காக, ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்காக, வெளிநாட்டு விசா வந்ததற்காக என்று, யார் எதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறார்கள் என்பதைப் பெயர் சொல்லி சபை முன்னால் வாசிப்பது அது. எங்கள் ஊரில் ஒரு காரியம் உண்மையாகவே நடந்தது என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி இல்லை. அன்றைக்கு உபதேசியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, என் பெயரைச் சொல்லி, “மெட்ராஸ் பந்தயத் தடத்தில் நூறு சிசி வாகனத்தில் ஓடி, சேதமின்றித் திரும்பி வந்ததற்காக, பெற்றோர் ஏறெடுக்கும் ஸ்தோத்திரம்” என்று வாசித்தார். அப்பா என்னிடம் சொல்லாமல் எழுதிப் போட்டிருந்தார். பாடகர் வரிசையில் நின்ற அக்கா பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள். கடவுளிடமே ஆள்மாறாட்டம் செய்த ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அதற்குப்பின் எனக்கு ஊரில் ‘ரேஸு’ என்று பெயர் விழுந்தது. அமரவிளை டீக்கடையில் “ரேஸுக்கு ஒரு ஸ்டிராங் சாயா” என்பார்கள். வளைவில் எப்படிச் சாய வேண்டும் என்று கேட்பார்கள். அக்கா இரவுச் சாப்பாட்டில் என்னிடம் சொன்னதையெல்லாம் நான் டீக்கடையில் என் அனுபவமாகச் சொல்வேன். வெட்கமில்லாமல் ஒத்துக்கொள்கிறேன், அது எனக்குப் பிடித்திருந்தது. அக்காவுக்குக் கோபம் இல்லை. “பேரு உனக்கு, வண்டி எனக்கு. ஒரு தடவெ, ஒரே ஒரு தடவெ, பெரிய எஞ்சின்ல அந்தத் தடத்தில ஓடணும். நேர்ப்பாதையில அவனுவளுக்கு வழி குடுக்காம ஓடணும். பொறவு ஆரு என்ன சொன்னாலும் சொல்லட்டு” என்றாள். அந்த ஒரே தடவை நடக்குமா நடக்காதா என்பதுதான் அடுத்த பத்து மாதமும் எங்கள் இருவருக்கும் இருந்த ஒரே கவலை.

சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை வைத்துப் பழைய வண்டி தேடத் தொடங்கினாள். வண்டி ‘எனக்கு’ என்று அப்பாவிடம் சொல்லியிருந்தோம். தேடியது எப்படி என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். வார்டில் நோயாளியின் நாடி, காய்ச்சல், மூச்சு எழுதும் சார்ட் ஒன்றைப் போலவே ஒரு தாளில் கோடு போட்டு, பார்க்கும் ஒவ்வொரு வண்டிக்கும் குறிப்பு எழுதினாள். பிரேக், எடை, கிளட்சின் இறுக்கம், சூடு, கை அதிர்வு. எல்லா வண்டியையும் ஒரே ரோட்டில், ஒரே வளைவில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவாள். பாறசாலையில் ஒரு ரப்பர் வியாபாரியின் முந்நூற்றைம்பது சிசி ஒற்றை சிலிண்டர் வண்டியைப் பார்த்தோம். இரண்டு கிலோமீட்டர் போய் வந்து, “கல்யாண வீட்டு அண்டா மாதிரி இருக்கு. கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு, குறை சொல்லல்லே. ஆனா இதெத் தூக்கிக்கிட்டு ஓட முடியாது” என்று சாவியைக் கொடுத்துவிட்டாள். பிறகு நெய்யாற்றின்கரையில் நூற்று முப்பத்தைந்து சிசி வண்டி ஒன்று. சின்னது, லேசானது, சொன்னபடி கேட்பது. டாக்டர் அதையே வாங்கச் சொன்னார். “பவர் கூடும்போது தப்பும் கூடும், சிஸ்டரே. படிப்படியா ஏறணும்” என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அக்காவின் சார்ட்டில் அந்த வண்டிக்கு எதிரே ஒரு குறையும் இல்லை. இருந்தும் இரண்டு நாள் யோசித்துவிட்டு டாக்டரிடம் போய், “வண்டியில குறை உண்டுன்னா திருத்தலாம் சார். பவர் இல்லேன்னா அதெ எங்கேந்து கொண்டு வாறது?” என்று கேட்டாள். டாக்டர் ஓர் எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கத் தொடங்கினாராம்.

மூன்றாவது வண்டி பொழியூரில் இருந்தது. இரண்டு சிலிண்டர், இரண்டு பக்கமும் ஒவ்வொரு புகைக்குழல், முந்நூற்றைம்பது சிசி. எங்கள் பக்கத்தில் அந்த வண்டியை ரெட்டைக்குழல் என்பார்கள். அதன் சொந்தக்காரன் கல்ஃபில் இருந்தான். அவனுடைய அப்பா, ஒரு வள்ளக்காரர், மீன் வலைகளுக்கு நடுவே தார்ப்பாய் போட்டு அதை மூடி வைத்திருந்தார். உப்புக் காற்று அதன் குரோமியத்தை அங்கங்கே தின்றிருந்தது. ஆனால் எஞ்சினை வாரம் தவறாமல் ஓட்டி வைத்திருந்தார். “வள்ளத்து எஞ்சினும் இதுவும் ஒரே ஜாதியாக்கும். எண்ணெய் கலந்து குடிக்குதவன்” என்று சொல்லி, வள்ளத்துக்குக் கலப்பதுபோலவே எண்ணெயை அள்ளி ஊற்றியிருந்தார், கிளப்பியதும் கடற்கரை முழுவதும் வெள்ளைப் புகை. அவர் என்னைப் பார்த்து, “இவன் வேற ஜாதி முரடனாக்கும். நல்ல திடமுள்ளவன் கையிலதான் குடுப்பேன். ஏறி ஓட்டிப் பாரு மக்கா” என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஏறி உட்கார்ந்தேன், வேறு வழியில்லை. கிளட்சைப் பிடித்து முதல் கியரைப் போட்டு, பயத்தில் கிளட்சைச் சட்டென்று விட்டேன். வண்டி ஒரு துள்ளுத் துள்ளி, கடல் அரிப்புக்குப் போட்டிருந்த கருங்கல் குவியலுக்குப் பக்கத்தில் இடது புறமாகச் சாய்ந்து விழுந்தது. நான் அதன் அடியில். கால் நசுங்கவில்லை, ஆனால் எடுக்கவும் முடியவில்லை. வள்ளக்காரர் ஆள் கூப்பிடத் திரும்பினார். அதற்குள் அக்கா வந்துவிட்டாள். கைப்பிடியைப் பிடித்து இழுக்கவில்லை. வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்துக் குந்தி, ஒரு கை கைப்பிடியிலும் மறு கை சீட்டின் அடியிலுமாக, காலை ஊன்றிப் பின்னோக்கிச் சிறிய சிறிய அடியாக நடந்தாள். எழும்ப முடியாத கனத்த நோயாளியைப் படுக்கையில் நிமிர்த்தி உட்கார வைக்க வார்டில் அவர்கள் செய்வது அதுதான். முதுகால் தூக்காதே, காலால் தூக்கு என்று புது நர்ஸுகளுக்கு அவள் சொல்லிக்கொடுப்பதை நான் கேட்டிருக்கிறேன். நூற்றைம்பது கிலோ வண்டி முனகாமல் எழுந்து நின்றது. ஸ்டாண்டைப் போட்டுவிட்டுத்தான் என் காலைத் தொட்டுப் பார்த்தாள்.

வள்ளக்காரர் என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். “வண்டி ஆருக்காக்கும்?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, “எனக்காக்கும்” என்றாள். பத்து மாதமாக டாக்டரைத் தவிர யாரிடமும் நாங்கள் சொல்லாத சொல். அவர் மறுபேச்சில்லாமல் சாவியை அவள் கையில் வைத்தார். லிவர் வளைந்துபோனதைக் காட்டி, அதை மாற்றித் தருவதாகச் சொன்னார். அக்கா இடது கையை நீட்டி லிவரைப் பிடித்துப் பார்த்தாள். அவளுடைய விரல்கள் குட்டை. எந்த வண்டியிலும் கிளட்ச் லிவர் அவளுக்கு எட்டாமல் நுனிவிரலால்தான் இழுப்பாள். சார்ட்டில் எல்லா வண்டிக்கும் எழுதியிருந்த ஒரே பொதுக் குறை அது. நான் விழுந்ததில் லிவர் கைப்பிடிக்குப் பக்கத்தில் வளைந்து வந்திருந்தது. “வேண்டாம். இப்பளாக்கும் எட்டுது” என்றாள்.

பிரேக் மோசம் என்று சார்ட்டில் இரண்டு தடவை அடிக்கோடிட்டிருந்தாள். அதனால் வாங்கியதும் முதலில் பிரேக் ஷூவையும் டயரையும் மாற்றினாள்; எஞ்சினில் கை வைக்கவில்லை. அதன்பிறகு ஒரு மாதம், நைட் டூட்டி முடிந்த காலைகளில், பொழியூர்ப் பக்கம் ஒரு ரோட்டில் பழகினாள். கடல் அரித்து ரோட்டின் கடைசிப் பகுதி விழுந்துவிட்டதால் பஸ்ஸும் ஆட்டோவும் அங்கே வருவதில்லை. நேரான ரோடு, அது முடியும் இடத்தில் அலை. ஒரு கல்லைக் குறியாக வைத்து, முழு வேகத்தில் வந்து, கல்லுக்கு முன்னால் நிறுத்துவாள். கல்லை நாளுக்கு நாள் கடலுக்குப் பக்கமாக நகர்த்தி வைப்பது என் வேலை. அந்த வண்டி பாதி வேகம் வரை சாதுவாக இருக்கும், பிறகு திடீரென்று பாயும். “மயங்கிக் கிடக்குத நோயாளி படக்குனு எழும்பி உக்காருத மாதிரியாக்கும் இது. எப்ப எழும்புவான்னு தெரிஞ்சா பயம் இல்லே” என்று அக்கா சொல்வாள். அவளுக்கு அது தெரிந்துவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றி, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்போடு அவள் சிரித்த சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இவள் என் அக்கா என்று அலையைப் பார்த்துக் கத்த வேண்டும்போல் இருந்தது. டீக்கடையில் மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு அப்பா, “இந்தத் தடவெ நானும் வாறேன். நீ ஓட்டுததெக் கண்ணால பாக்கணும்” என்றார். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துதான் சொன்னார். அன்றிரவு அக்கா என்னிடம், “நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா?” என்று கேட்டாள். ஓட்டி முடித்த பிறகு சொல்லலாம், இப்போது சொன்னால் குழுவின் வண்டிகளை ஏற்றிப்போகும் லாரியில் நம் வண்டி ஏறாது என்று நான் கெஞ்சினேன். பாதி அவளுக்காக, பாதி எனக்காக. நாகர்கோவிலில் மெட்ராஸ் பஸ் ஏறியதிலிருந்து அப்பா பக்கத்து சீட்டுக்காரரிடம் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். அக்கா ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், தூங்கவில்லை.

தடத்தில் ஓட்டுபவர்களும் உதவியாளர்களும் மட்டும் உள்ளே போகலாம்; மற்றவர்கள் படிக்கட்டு கேலரியில் உட்கார வேண்டும். அது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. அக்கா பெரியம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லி முன்பே வந்து உடை மாற்றிவிட்டாள். டாக்டரின் பழைய தோல் ஜாக்கெட், வெள்ளை ஹெல்மெட். பெண் என்று பெற்ற அம்மாவுக்கே தெரியாது. நான் அப்பாவிடம் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு உள்ளே போவதுபோல் போய், கேலரிக்குக் கீழே, பழைய டயர்கள் அடுக்கியிருந்த இடத்தில் ஒளிந்துகொண்டேன். பெரிய வண்டிகளின் குழு கிளம்பியது. தலைக்குமேல் அப்பாவின் குரல் தெளிவாகக் கேட்டது. பக்கத்திலிருந்த யாரோ ஒருவரிடம், “அந்த வெள்ளை ஹெல்மெட் என் மகனாக்கும்” என்று சொன்னார். பிறகு, “சின்னதிலேயே அவனுக்குப் பயம்னு ஒண்ணு கிடையாது” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை என்னால் தாங்க முடியவில்லை. என்னைப் பயந்தாங்கொள்ளி என்று இருபத்துநான்கு வருஷம் சரியாகச் சொன்ன மனிதர், எனக்காக முன்பின் தெரியாத ஒருவரிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்ததோ உண்மையாகவே பயமில்லாமல் போய்க்கொண்டிருந்த அவருடைய சொந்த மகளை. நான் டயர்களுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, படியேறி, அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரெட்டைக்குழல் அப்போதுதான் எங்களைக் கடந்து போயிற்று. அப்பா என்னைப் பார்த்தார், தடத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

“நீ இங்க இருக்கே” என்றார்.

“ஆமா.”

“அப்போ அது ஆரு?”

“அக்காளாக்கும்.”

இரண்டு சுற்று முடியும் வரை அவர் கண் வெள்ளை ஹெல்மெட்டின் பின்னாலேயே போயிற்று. “போன வருஷமும்?” என்றார். போன வருஷமும் என்றேன். மறுபடி ஒரு சுற்று. “பிரேக்கு கொள்ளாமா?” என்று கேட்டார். புது ஷூ போட்டிருக்கிறது, கடற்கரை ரோட்டில் ஒரு மாதம் பார்த்துவிட்டாள் என்றேன். அப்போது போன வருஷத்து நீலச் சட்டைக்காரரும் அக்காவும் கடைசி வளைவுக்குள் சேர்ந்தாற்போல் நுழைந்தார்கள். அக்கா உள்பக்கமாகச் சாய்ந்து முன்னால் வந்தாள். வளைவு முடிந்தது, நேர்ப்பாதை வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு குழல்களும் ஒன்றாக அலறும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது வெள்ளை ஹெல்மெட் முன்னால் போய்க்கொண்டிருந்தது, நீலச் சட்டை பின்னால் சிறுத்துக்கொண்டிருந்தது. அப்பா எழுந்து நின்றிருந்தார். பக்கத்து ஆளிடம் திரும்பி, கொஞ்சம் உரக்கவே, “மகன் இல்லே. மகளாக்கும் அது” என்றார்.

வண்டிகள் நின்றதும் நானும் அப்பாவும் கீழே இறங்கிப் போனோம். தடுப்புக் கம்பி ஓரம் எங்களைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிய அக்காவின் கை அப்படியே நின்றது. அக்காவின் முகத்தில் பயத்தை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அப்பா ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டார். “முடியெல்லாம் நனைஞ்சு போச்சே. துவட்டு மக்கா, சளி பிடிக்கும்” என்று தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தார். நீலச் சட்டைக்காரர் வந்து, எஞ்சினை எந்த மெக்கானிக் சரிசெய்தார் என்று கேட்டார். எஞ்சினைத் தொடவே இல்லை என்று அக்கா சொன்னதை அவர் நம்பினாரா என்று தெரியாது. திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா என்னிடம், “ஏம்லே சொல்லல்லே?” என்று ஒருமுறை கேட்டார். “நீங்க சந்தோஷமா இருந்தீங்க” என்றேன். “இப்பமும் சந்தோஷமாத்தான் இருக்கேன். பொய்யில்லாத சந்தோஷம் இன்னும் கொள்ளாம்” என்றார். அதற்குமேல் என்னைத் திட்டவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் ஒரு நீளமான சீட்டைப் பிரித்தார். அப்பாவின் ஆபீஸ் கையெழுத்து எனக்கு முதல் வரிசையிலிருந்தே தெரிந்தது. அக்காவின் பெயரைச் சொல்லி, முந்நூற்றைம்பது சிசி இரட்டைக்குழல் வாகனத்தில் பெரிய வாகனங்களோடு ஓடி நலமாய்த் திரும்பியதற்காக ஸ்தோத்திரம் என்று வாசித்தார். பிறகு ஒரு கணம் நிறுத்தி, தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், “சென்ற வருடம் மகன் பெயரில் ஏறெடுக்கப்பட்ட ஸ்தோத்திரமும் மகளையே சேரும். பிழை திருத்தி ஏற்றுக்கொள்ளவும்” என்று வாசித்தார். கடவுளுக்கே திருத்தம் அனுப்பியிருந்தார் அப்பா. பின் வரிசையில் பெண்கள் சிரித்தார்கள், பிறகு சபை முழுவதும் சிரித்தது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இந்தத் தடவை நான் தலை குனியவில்லை, அக்காவும் புத்தகத்தால் முகத்தை மறைக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். பயமில்லையா என்று ஒருத்தி கேட்டாள். “பயம் உண்டு. அதுனாலயாக்கும் பிரேக்கெ முதல்ல மாத்தினேன்” என்றாள் அக்கா. டீக்கடையில் என் பெயர் ‘ரேஸுக்க தம்பி’ என்று மாறியது. இன்றும் அதுதான் என் பெயர், பழைய பெயரைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

வந்த ஆலோசனைகளில் இரண்டு அந்தச் சீட்டோடு நின்றுபோயின. மூன்றாவதாக வந்தவர் வண்டியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அவரைத்தான் அக்கா கட்டினாள். கல்யாணத்துக்குப் பிறகும் இரண்டு வருஷம் தடத்துக்குப் போனாள். கல்ஃபுக்கு வேலைக்குப் போகும்போது வண்டியை விற்றாள். வாங்கியவருக்காக நேரான புது லிவர் ஒன்றை மாட்டிவிட்டு, பழையதைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். “இது நீ செஞ்சதாக்கும். நீயே வச்சுக்க” என்றாள். இப்போது ஓய்வுபெற்று ஊருக்கு வந்துவிட்டாள். என் ஆபீசுக்கு வரும்போதெல்லாம் பேசிக்கொண்டே இந்த லிவரை இடது கையில் எடுத்து விரல்களை மடக்குவாள். அச்சில் வார்த்ததுபோல் பொருந்தும். என் நீளமான விரல்களுக்கு அது இன்றைக்கும் இடறும்.

போன வாரம் நிலம் வாங்க வந்த ஒருவர், அவருடைய ஆதாரத்தின்மேல் நான் வைத்த லிவரைப் பார்த்துவிட்டு, “அண்ணன் பண்டு காலத்துல ரேஸ் ஓட்டினதுண்டா?” என்று கேட்டார். எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

“நான் விழுந்ததுண்டு. ஓட்டினது அக்காளாக்கும்” என்றேன்.